படகு டிரெய்லர் இணைப்பி

படகு டிரெய்லர் இணைப்பி என்பது, படகு ஏற்றப்பட்ட டிரெய்லரை மகிழுந்து முதலிய வாகனங்களின் பின்புறத்தில் பூட்டுவதற்கான அமைப்பு ஆகும். வழக்கில் இது ஹிட்ச் எனப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் சிறிய பாய்மரப் படகு வைத்திருப்போர் பலர், அதனை வீட்டில் நிறுத்திவைத்து, வேண்டும்போது ஏரிக்கோ கடற்கரைக்கோ சாலைவழியே இழுத்துச் செல்கின்றனர். இணைப்பி பொருத்தமற்றதாயின் டிரெய்லர் ஓட்டத்தில் கழன்று உயிரிழப்பை ஏற்படுத்தக்கூடும்.

அமைப்பு

வாகனத்தின் அடிச்சட்டத்தில் இணைப்பியின் சட்டம் மரையாணிகளால் பொருத்தப்படுகிறது. அதன் நடுவே பின்னோக்கித் திறந்த சதுரக் குழாய் ஒன்று இருக்கும். இக்குழாயினுள் செருகப்படும் தண்டின் மேல் எஃகு உருண்டை அமைந்துள்ளது. டிரெய்லரின் ஏர்க்கால் முனையிலுள்ள கிண்ணம் இவ்வுருண்டையின் மீது கவிழ்ந்து பூட்டிக்கொள்கிறது. இதனால் திருப்பங்களிலும் மேடுபள்ளங்களிலும் டிரெய்லர் எல்லாத் திசைகளிலும் அசைய முடிகிறது.

வகுப்புகள்

வட அமெரிக்காவில் இணைப்பிகள், இழுக்கத்தக்க மொத்த எடையைக் கொண்டு பின்வருமாறு வகுக்கப்படுகின்றன:

- முதல் வகுப்பு: 2,000 பவுண்டு (907 கிகி) வரை
- இரண்டாம் வகுப்பு: 3,500 பவுண்டு (1,588 கிகி) வரை
- மூன்றாம் வகுப்பு: 5,000 பவுண்டு (2,268 கிகி) வரை
- நான்காம் வகுப்பு: 10,000 பவுண்டு (4,536 கிகி) வரை

முதலிரு வகுப்புகளில் பொதுவாக 1.25 அங்குலக் குழாயும், பிறவற்றில் 2 அங்குலக் குழாயும் பயன்படுகின்றன. தயாரிப்பாளர் சிலர் இவ்வரம்புகளிலிருந்து வேறுபட்ட திறனை அளிப்பதுண்டு. ஆகவே இணைப்பியின் மீது பொறிக்கப்பட்டுள்ள அளவையே கொள்ள வேண்டும்.

எடைக் கணக்கு

படகின் எடையை மட்டும் கொண்டு இணைப்பியைத் தெரிவு செய்வது பொதுவான தவறாகும். படகு, டிரெய்லர், பாய்கள், பொறி, எரிபொருள், நங்கூரம், உடைமைகள் ஆகிய அனைத்தின் கூட்டுத்தொகையே இழுக்கப்படும் எடை ஆகும்.

எடுத்துக்காட்டாக, 1957 இல் கோர்டன் டக்ளஸ் வடிவமைத்த பிளையிங் ஸ்காட் 19 அடி நீளமுடையது. இதன் எடை 850 பவுண்டு (386 கிகி). டிரெய்லர் 200 கிகி, பிற பொருட்கள் 40 கிகி எனக் கொண்டால் மொத்தம் 626 கிகி. இதற்கு முதல் வகுப்பு போதுமானது. மாறாக, அடியில் பாரம் வைத்த, சிற்றறை உடைய 22 அடிப் படகு ஒன்றின் எடை 1,050 கிகி எனக் கொள்வோம். டிரெய்லர் 450 கிகி, பிற பொருட்கள் 130 கிகி எனின் மொத்தம் 1,630 கிகி ஆகும். படகின் எடையை மட்டும் பார்த்தால் இரண்டாம் வகுப்பு தாராளமாகத் தோன்றும். உண்மையில் மூன்றாம் வகுப்பு தேவை.

சட்டம், தண்டு, உருண்டை, கிண்ணம், டிரெய்லர், வாகனம் ஆகியவற்றுள் எதன் வரம்பு மிகக் குறைவோ, அதுவே முழு அமைப்பின் வரம்பு ஆகும். பெரிய இணைப்பியைப் பூட்டுவதால் சிறிய மகிழுந்தின் இழுதிறன் கூடுவதில்லை.

உருண்டையின் அளவு

அமெரிக்காவில் 1 7/8 அங்குலம் (47.6 மிமீ), 2 அங்குலம் (50.8 மிமீ), 2 5/16 அங்குலம் (58.7 மிமீ) விட்டமுள்ள உருண்டைகள் பெரிதும் வழக்கில் உள்ளன. ஐரோப்பாவில் 50 மிமீ உருண்டையே பொதுவானது. கிண்ணத்தைவிடப் பெரிய உருண்டை உள்ளே நுழையாது. எனவே தவறு உடனே தெரிந்துவிடும். சிறிய உருண்டையோ பூட்டிக்கொண்டது போலவே தோன்றி, சாலையின் மேட்டில் ஏறும்போது கழன்றுவிடக்கூடும். ஆதலால் இதுவே ஆபத்து மிகுந்தது. கிண்ணத்தின் மீது பொறித்துள்ள அளவும் உருண்டையின் மீதுள்ள அளவும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

ஏர்க்கால் சுமை

ஏர்க்கால் உருண்டையின் மீது கீழ்நோக்கிச் செலுத்தும் விசை ஏர்க்கால் சுமை எனப்படும். இது பொதுவாக மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்கலாம். படகு டிரெய்லர்களுக்குச் சற்றுக் குறைவாகவும் பரிந்துரைப்பதுண்டு. சுமை மிகக் குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் இருபுறமும் அலையத் தொடங்கும். மிகுந்தால் வாகனத்தின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். படகையோ பொருட்களையோ முன்பின்னாக நகர்த்தி இதனைச் சரிசெய்யலாம். பூட்டிய பின் டிரெய்லர் கிடைமட்டமாக நிற்கும்படி தண்டின் உயரத்தையும் தெரிவு செய்ய வேண்டும்.

பாதுகாப்பு

கிண்ணம் கழன்றாலும் ஏர்க்கால் தரையில் குத்தாதவாறு, இரு பாதுகாப்புச் சங்கிலிகள் ஏர்க்காலின் அடியில் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பூட்டப்படுகின்றன. சாலைப் பயணத்திற்கு முன் பாய்மரத்தைச் சாய்த்துக் கட்ட வேண்டும். அதனை மீண்டும் நிமிர்த்தும் இடத்தில் மேலே மின்கம்பிகள் இல்லையென உறுதி செய்தல் இன்றியமையாதது. டிரெய்லரை நீரில் இறக்குமுன் விளக்குகளின் மின்னிணைப்பைக் கழற்றிவிடுவது நன்று. உப்புநீரில் நனைந்த கிண்ணத்தையும் சங்கிலிகளையும் நன்னீரால் கழுவினால் துருப்பிடித்தல் குறையும்.