இடது கை போட்ட அஸ்திவாரம்

ராக் அண்ட் ரோல் என்றதும் எல்லோருக்கும் கிதார்தான் ஞாபகம் வரும். எல்விஸ் பிரெஸ்லி தோளில் தொங்கியது, சக் பெர்ரி குந்தியபடி மேடையில் தத்தித் தத்திப் போகும்போது கையில் இருந்தது. ஆனால் அந்த இசையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், ஒரு பழைய பியானோவின் இடது ஓரத்தில், கனத்த சத்தம் தரும் கட்டைகளின் முன்னால் போய் நிற்போம்.

அந்தப் பியானோ இருந்தது அமெரிக்காவின் கிழக்கு டெக்சாஸிலும் லூயிசியானாவிலும், பைன் காடுகள் அடர்ந்த பகுதியில். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் அங்கே மரம் வெட்டும் முகாம்கள் பெருகின. தண்டவாளம் காட்டுக்குள் நீள நீள முகாமும் உள்ளே நகர்ந்தது. வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி கறுப்பினத்தவர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட தலைமுறையும் அவர்களுடைய பிள்ளைகளும். முகாம்களில் ஒரு சாராயக் கொட்டகை இருக்கும், கொட்டகையில் சுருதி கலைந்த ஒரு பியானோ. வாசிப்பவர் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு முகாம் முகாமாகப் போவார்.

அவருக்குப் பக்கவாத்தியம் கிடையாது. குடித்துவிட்டுக் கத்திக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருக்கிற கூட்டத்துக்கு நடுவே தனியாளாக உட்கார்ந்து விடியும்வரை ஈடுகொடுக்க வேண்டும். நாதஸ்வரத்தையும் தவிலையும் ஒரே ஆள் வாசிக்க நேர்ந்த மாதிரி. அதனால் வேலை இரண்டாகப் பிரிந்தது. இடது கை தாளத்தை எடுத்துக்கொண்டது. நான்கு எண்ணிக்கைக்குள் எட்டு அடி, ஒரே சொற்கட்டு, திரும்பத் திரும்ப, நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும். பன்னிரண்டு 'பார்', அதாவது பன்னிரண்டு தாளச் சுற்று கொண்ட ப்ளூஸ் சட்டகத்தில் மூன்றே சுரக்கூட்டுகளுக்கு இடையே அது ஏறி இறங்கும். வலது கைக்கு முழு விடுதலை. மேலே என்ன கலாட்டா வேண்டுமானாலும் செய்யலாம், கீழே தாளம் தவறாது. இதுதான் பூகி-வூகி. ரயில் சக்கரத்தின் சத்தம்தான் இதற்கு மூலம் என்று பலரும் சொல்வார்கள். மீட் லக்ஸ் லூயிஸ் 1927இல் பதிவு செய்த 'ஹாங்கி டாங்க் ட்ரெயின் ப்ளூஸ்' கேட்டால் மறுக்கத் தோன்றாது.

தெற்கிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் பிழைப்புத் தேடி வடக்கே போனபோது பியானோக்காரர்களும் போனார்கள். சிகாகோவில் அவர்களுக்குச் சோறு போட்டது வாடகை விருந்து. மாத வாடகைக்குப் பணம் போதாதவர்கள் வீட்டிலேயே ஒரு கொண்டாட்டம் வைப்பார்கள். வருகிறவர்களிடம் நுழைவுக் காசு, சாப்பாட்டுக்கும் குடிக்கும் தனிக் காசு. இந்த வட்டாரத்தில் இருந்த பைன்டாப் ஸ்மித் 1928 டிசம்பரில் பதிவு செய்த 'பைன்டாப்ஸ் பூகி வூகி' அந்தப் பெயரை ஊரெல்லாம் கொண்டுபோனது. அதில் அவர் வாசித்துக்கொண்டே, எப்போது நிற்க வேண்டும், எப்போது ஆட வேண்டும் என்று ஆடுகிறவர்களுக்குக் கட்டளை போடுகிறார். மூன்று மாதம்கூட முழுதாகக் கழியவில்லை. நடனக் கூடத்தில் ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்துபோனார். வயது 24.

பிறகு பொருளாதார மந்தம் வந்து இசைத்தட்டு வியாபாரமே படுத்தது. லூயிஸும் அவர் சிநேகிதர் ஆல்பர்ட் அம்மன்ஸும் டாக்சி ஓட்டிப் பிழைத்தவர்கள். இவர்களுக்கெல்லாம் மூத்தவரான ஜிம்மி யான்சி பேஸ்பால் மைதானத்தில் புல்தரை பராமரிக்கும் வேலையில் இருந்தார். எந்தச் சுருதியில் தொடங்கினாலும் கடைசியில் ஈ ஃப்ளாட்டில் கொண்டுவந்து முடிக்கிற விசித்திரப் பழக்கம் அவருக்கு. எனக்கு அந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடிக்கும்.

இவர்களைத் தேடிப் பிடித்தவர் ஜான் ஹாமண்ட் என்ற பணக்கார வீட்டு இசைப் பித்தர். 1938 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அவர் நடத்திய கச்சேரியில் அம்மன்ஸ், லூயிஸ், கன்சாஸ் சிட்டிக்காரர் பீட் ஜான்சன் மூவரும் வாசித்தார்கள். ஜான்சனோடு வந்தவர் பிக் ஜோ டர்னர். கன்சாஸ் சிட்டி மதுக்கடையில் சாராயம் ஊற்றிக்கொண்டே மைக் இல்லாமல் பாடிய மனிதர். ஒரே வாரத்தில் இருவரும் 'ரோல் எம் பீட்' பதிவு செய்தார்கள். அடுத்த சில வருடங்கள் நாடு முழுக்க பூகி பைத்தியம். பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் அதை வாங்கிப் பளபளப்பாக்கி விற்றன. அந்தப் பகுதி எனக்கு அவ்வளவு சுவாரஸ்யமில்லை.

போர்க்காலத்தில் அந்த ஆர்கெஸ்ட்ராக்களுக்கே ஆபத்து வந்தது. ஆட்கள் ராணுவத்துக்குப் போனார்கள், பெட்ரோலுக்கு ரேஷன், நடனக் கூடங்களுக்கு 1944இல் கடும் வரி. பதினைந்து பேரைக் கட்டி மேய்க்க முடியாத நிலையில் ஐந்தாறு பேர் கொண்ட குழு தழைத்தது. ஒரு சாக்ஸபோன், ஒரு டிரம்பெட், பியானோ, பேஸ், டிரம்ஸ். பூகியின் உருட்டலும் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களின் ஸ்விங் இசைத் துள்ளலும் சேர்ந்த இதுதான் ஜம்ப் ப்ளூஸ். அதன் ராஜா லூயி ஜோர்டான். ஆர்கன்சாவில் பிறந்தவர், சாக்ஸபோன்காரர், பாட்டில் கதை சொல்லிச் சிரிக்க வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 'கால்டோனியா' 1945, 'சூ சூ ச்'பூகி' 1946 என்று கறுப்பின இசைப் பட்டியலின் முதலிடத்தில் அவர் குடியே இருந்தார்.

ராக் அண்ட் ரோலுக்கான நேரடி வாரிசுரிமை இந்த வீட்டில்தான் இருக்கிறது. ஜோர்டானின் தட்டுகளைத் தயாரித்த மில்ட் கேப்ளர்தான் 1954இல் பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் தி கிளாக்' பாட்டையும் தயாரித்தார். ஜோர்டானின் 1946ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றுக்குக் கார்ல் ஹோகன் வாசித்த கிதார் முன்னிசையைக் கேட்டுவிட்டு, 1958இல் வந்த சக் பெர்ரியின் 'ஜானி பி. கூட்' தொடக்கத்தைக் கேளுங்கள். பெர்ரியே அந்தக் கடனை ஒப்புக்கொண்டவர்தான்.

முதல் ராக் அண்ட் ரோல் தட்டு எது என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. 1949 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் ஃபேட்ஸ் டாமினோ பதிவு செய்த 'தி ஃபேட் மேன்' என்பார்கள், 1951இல் மெம்ஃபிஸில் ஐக் டர்னரின் குழு பதிவு செய்த 'ராக்கெட் 88' என்பார்கள். இரண்டிலும் பியானோ பூகிதான். பிக் ஜோ டர்னரைப் பாருங்கள். 1938இல் பாடிய அதே கட்டைக் குரலில் 1954இல் 'ஷேக், ராட்டில் அண்ட் ரோல்' பாடினார். அதே ஆண்டில் ஹேலி வரிகளைச் சலவை செய்து அதைத் திரும்பப் பாடி வெள்ளையின இளைஞர்களிடம் கொண்டுபோனார். டர்னர் புதிதாக எதையும் செய்யவில்லை. பதினாறு வருடம் கழித்து அவர் பாடிய இசைக்குப் பெயர் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

கடைசியாக, அந்த இடது கை கிதாருக்குக் குடிபெயர்ந்த கதை. 1952 டிசம்பர் 31 இரவில், ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் ஜானி ஜான்சன் என்ற பூகி பியானோக்காரரின் குழுவில் சாக்ஸபோன்காரருக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்குக் கூப்பிடப்பட்டவர் பெர்ரி. சீக்கிரமே குழு பெர்ரியுடையதானது. பியானோவின் இடது கை போட்டுவந்த அந்த எட்டு அடி உருட்டலை அவர் கிதாரின் தடித்த கம்பிகளில் ஏற்றினார். இன்று உலகம் முழுக்கப் பையன்கள் கிதாரில் முதலில் பழகுகிற அந்த 'டக்-டக் டக்-டக்' அங்கிருந்து பரவியதுதான். பெர்ரியின் பல பாட்டுகள் பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் சுருதிகளில் இருக்கின்றன. கிதார்காரர் தானாகத் தேர்ந்தெடுக்கிற சுருதிகள் அல்ல அவை. பியானோக்காரரின் கைக்கு வாகானவை. 1980களில் பெர்ரியைப் பற்றிய படம் எடுத்தபோது ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் இதைக் கவனித்துச் சொன்னார். அந்தச் சமயத்தில் ஜான்சன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பாட்டுகளை உருவாக்கியதில் தனக்கும் பங்கு உண்டு என்று 2000இல் அவர் பெர்ரி மீது வழக்குப் போட்டார். காலம் கடந்துவிட்டது என்று சொல்லி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.