பொருள் மாறியது, குருதிப்பாதை மாறவில்லை

கண்ணின் கீழ் விழும் பள்ளத்தையும் கருவளையத்தையும் 'ஃபில்லர்' ஊசியால் நிரப்பும் வழக்கம் இன்று நம் பெருநகரங்களில் பரவியுள்ளது. புதுமையாகத் தோன்றும் இச்சிகிச்சைக்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. அவ்வரலாறு ஓர் எச்சரிக்கையையும் சுமந்து வருகிறது.

1893இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் நாய்பர், நோயாளியின் கையிலிருந்து எடுத்த கொழுப்பால் முகத்தில் குழிந்திருந்த தழும்பை நிரப்பினார். 1899இல் வியன்னாவின் ராபர்ட் கெர்சுனி பாரஃபின் வகைப் பொருளை ஊசிவழி உடலுள் செலுத்தினார். கத்தி படாத அம்முறை விரைவில் முக அழகுக்கும் பயன்பட்டது. விளைவுகள் பின்னரே தெரிந்தன. மெழுகு இடம்பெயர்ந்தது; கட்டிகளாக இறுகியது; தோல் புண்ணாயிற்று. மூக்கின் வடிவைத் திருத்த விரும்பிய பேரழகி கிளாடிஸ் டீக்கனின் முகம் நிரந்தரமாகச் சிதைந்தது. மூக்கில் பாரஃபின் செலுத்தப்பட்ட ஒருவர் பார்வையிழந்த செய்தி 1903இலேயே மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று.

இன்று பெரிதும் பயன்படும் ஹயலூரோனிக் அமிலத்தை 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணிலிருந்தே பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயருக்கு வேர். 2003இல் அமெரிக்காவில் இவ்வமில ஃபில்லர் முதன்முதலாக ஒப்புதல் பெற்றது. மெழுகைவிட இது பன்மடங்கு பாதுகாப்பானது. தேவையெனில் ஹயலூரோனிடேஸ் என்னும் நொதியால் கரைத்துவிடலாம். எனினும் கண்ணின் கீழுள்ள தோல் மிக மெல்லியது. மேலோட்டமாகச் செலுத்தினால் நீலநிறம் தெரியும். நீரை ஈர்ப்பதால் வீக்கம் மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. முகத்தின் தமனிகள் கண் தமனியோடு இணைந்தவை. ஊசிமுனை தவறித் தமனிக்குள் நுழைந்து, செலுத்தும் அழுத்தம் குருதியழுத்தத்தை விஞ்சினால், மருந்து எதிர்த்திசையில் ஓடி விழித்திரைத் தமனியை அடைக்கக்கூடும். இது அரிதே, ஆயினும் அவ்வாறு இழந்த பார்வை மீள்வது அதனினும் அரிது.

கொழுப்பு, மெழுகு, அமிலம் என நிரப்பும் பொருள் மாறிக்கொண்டே வந்தது. 1903இல் ஒருவரின் பார்வையைப் பறித்த குருதிப்பாதையோ இன்றும் நம் ஒவ்வொருவர் முகத்திலும் அப்படியே உள்ளது. ஆகவே, எந்த மருந்து, என்ன விலை என்று வினவுமுன், ஊசியைப் பிடிப்பவர் அப்பாதையை அறிந்த மருத்துவர்தானா, கரைக்கும் நொதி அவர் கைவசம் உள்ளதா என வினவுங்கள். ஊசிக்குப்பின் கடும்வலியோ, தோல் வெளிறலோ, பார்வை மங்கலோ தோன்றினால் ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.