கோட்டுக்கு வெளியே நின்றவர்களின் வழக்கு

யாழ்ப்பாணத் தீவகத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் ஒல்லாந்தர் கோட்டையை எழுதினார்கள், ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை எழுதினார்கள், நயினாதீவு நாகபூசணி அம்மனையும் நெடுந்தீவுக் குதிரைகளையும் கொழும்பு வரை கடை விரித்த வணிகரையும் எழுதினார்கள். மைதானத்து ஓரத்தில் நின்றுகொண்டு “அவனை ஏன் இப்ப இறக்கினவங்கள்?” என்று தொண்டை கிழியக் கேட்ட மனிதருக்கு அந்த எழுத்தில் இடம் கிடைத்தது அரிது. அவருடைய பேச்சை வெட்டிக்கதை என்று தள்ளிவிடுவது எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. ஆட்டத்தில் முடிவெடுத்தவனிடம் காரணம் கேட்கும் இந்த வழக்கம் தீவுகளில் ஒருவகைக் கணக்குக் கேட்பாகவே வளர்ந்தது என்பதும், ரொறன்ரோவில் பேஸ்போல் முகாமையாளரைப் பற்றி இரவிரவாக விவாதிக்கிற தீவகத்தார் தங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன ஒன்றைத்தான் செய்கிறார்கள் என்பதும் என் வாதம்.

கிளித்தட்டிலிருந்து தொடங்கலாம். யாழ்ப்பாணத்தில் தாச்சி மறித்தல் என்றும் சொல்லப்படும் அந்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் வெறுநிலமும் கோடு கீற ஒரு தடியும் போதும். நீள்சதுரம் ஒன்று, அதன் நடுவே நெடுங்கோடு, குறுக்கே பல கோடுகள். குறுக்குக்கோடு ஒவ்வொன்றையும் ஒருவர் மறிப்பார். கிளி எனப்படுபவருக்கு மட்டும் நடுக்கோட்டிலும் ஓட உரிமை உண்டு. எதிரணியினர் எவருடைய கையும் படாமல் கடைசிப் பெட்டி வரை போய்த் திரும்பவேண்டும். இங்கே கிளி எடுக்கவேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. தலைக்கோட்டை விட்டு நடுக்கோட்டால் கீழே இறங்கினால், பெட்டிக்குள் அகப்பட்டு நிற்பவனை மறிப்பவரும் கிளியுமாகச் சேர்ந்து நெருக்கலாம். ஆனால் இறங்கிய கணமே தலைக்கோடு திறந்துவிடும், வெளியே காத்து நிற்பவன் உள்ளே பாய்ந்துவிடுவான். இறங்குவதா, நிற்பதா? யாரிடமும் கேட்க நேரமில்லை. கிளியின் கண்ணுக்கு எதிரே நிற்பவன் மட்டுமே தெரிவான். முழுத்தட்டும் தெரிவது கோட்டுக்கு வெளியே நிற்பவருக்குத்தான். ஆகவே கிளி செய்தது சரியா பிழையா என்ற பேச்சு வெளியிலிருந்து எழும்புவது ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

அணி சேர்வதும் இதோடு தொடர்புள்ளது. உத்தி பிரிக்கும்போது இருவர் இருவராகப் போய்த் தங்களுக்குள் இரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு தலைவர்களில் ஒருவர் ஒரு பெயரைக் கேட்பார், அந்தப் பெயருக்குரியவர் அவர் பக்கம் போவார், மற்றவர் எதிர்ப்பக்கம். சம பலமுள்ள இருவர் சோடி சேர்ந்து வந்தால் அணிகளும் ஏறத்தாழச் சமமாகும். இவனைச் சேர்த்தது பிழை, அவனை விட்டது பிழை என்ற குற்றச்சாட்டுக்கு இந்த முறையில் இடமே இல்லை. மிஞ்சுவது, கையில் கிடைத்தவர்களை எந்தக் கோட்டில் நிறுத்தினாய் என்ற கேள்விதான். தேர்வுக்குழு, பயிற்றுநர், முகாமையாளர் எவரும் இல்லாத இந்த ஆட்டத்தில், அவர்கள் செய்யவேண்டிய சிந்தனையின் ஒரு பங்கைப் பார்த்து நின்றவர்கள் செய்தார்கள்.

கரப்பந்தாட்டம் வேறு வழியால் வந்தது. 1895இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில், வை.எம்.சி.ஏ.யின் உடற்பயிற்சிப் பொறுப்பாளரான வில்லியம் மோர்கன் அதை உருவாக்கினார். அவருடைய முதல் விதிகளில் ஒரு போட்டிக்கு ஒன்பது இன்னிங்ஸ், அதாவது பேஸ்போலின் அளவு. அந்த ஒன்பதும் விரைவில் கைவிடப்பட்டுப் புள்ளிக் கணக்கு வந்தது. 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக இலங்கைக்கு வந்த அந்த ஆட்டம் 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. தீவகத்தில் அது ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பதற்கு நிலமே விடை சொல்லும் என்பது என் கணிப்பு. நன்னீர் அரிதான, கல்லும் மணலும் கலந்த தரையில் துடுப்பாட்டத்துக்குப் புல் வளர்த்துக் காப்பது பெரும்பாடு. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து இருந்தால் கோயில் வீதியிலும் பள்ளிக்கூட வளவிலும் சனசமூக நிலையத்து முற்றத்திலும் கரப்பந்தாட்டம் நடக்கும். ஓவர் என்றும் செற்றப் என்றும் இரண்டு வகையாகச் சுற்றுப்போட்டி வைக்கிற அளவுக்கு யாழ்ப்பாணத்தார் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

பழைய புள்ளிமுறையையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 1990களின் இறுதியில் சர்வதேச விதி மாறும் வரை, பந்தைப் பணிக்கும் அணிக்குத்தான் புள்ளி கிடைக்கும், 15 எடுத்தவர் வெல்வார். பணிப்பு பிழைத்தால் புள்ளி போகாது, பணிக்கும் உரிமை மட்டும் கைமாறும். எனவே சோர்ந்துபோன ஆட்டக்காரனை மாற்றாமல் வைத்திருப்பதால் உடனடியாகப் பெரிய சேதம் தெரியாது. சேதம் மெல்ல மெல்லக் கூடும். எந்த இடத்தில் அவனை வெளியே எடுத்திருக்கவேண்டும் என்பதை ஆட்டம் முடிந்த பிறகு எண்ணி எண்ணித்தான் கண்டுபிடிக்கவேண்டும். இத்தகைய ஆட்டம் நீண்ட விவாதத்தைத் தானாகவே வளர்க்கும். இப்போதைய முறையில் ஒவ்வொரு பிழைக்கும் அப்போதே புள்ளி பறிபோகிறது. பிழை யாருடையது என்பது பலகையிலேயே தெரிந்துவிடுகிறது.

அந்த விவாதத்துக்கு உரிமை எங்கிருந்து வந்தது? தீவகத்து விளையாட்டுக் கழகங்களுக்கு முதலாளி கிடையாது. ஊரின் பெயரோ கோயிலின் பெயரோ தேவாலயத்துப் புனிதரின் பெயரோ தாங்கிய அவை ஊராரின் சந்தாவிலும் நன்கொடையிலும் நடந்தன. பந்து வாங்கிக் கொடுத்தவர் ஒருவர், சீருடைக்குப் பணம் அனுப்பிய கொழும்புக் கடைக்காரர் ஒருவர், கம்பம் நாட்டக் குழி வெட்டியவர் இன்னொருவர். வாசிகசாலையில் பத்திரிகை விரித்துக் கிடக்கும் அதே வாங்கில்தான் நேற்றைய ஆட்டமும் விரிந்தது. 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி 1961இல் நாளிதழான ஈழநாடு போன்ற ஏடுகளை ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் கேட்டுக் கருத்துச் சொல்லிப் பழகிய இடம் அது. அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தை அலசியவர் அணித்தலைவரையும் அலசினார். “தம்பி, பின்னுக்கு நிண்டவனை நீ முன்னுக்கு விட்டிருக்கோணும்” என்று ஒரு பெரியவர் சொன்னால் அணித்தலைவர் ஏதாவது விடை சொல்லியே ஆகவேண்டும். நாளைக்கும் அதே ஒழுங்கையால்தான் அவர் போகவேண்டும். அடுத்த சந்தாவையும் அந்த வீட்டில்தான் கேட்கவேண்டும். கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பது தீவுகளின் கோயில் பரிபாலன சபைகளிலும் பள்ளிக்கூடச் சங்கங்களிலும் ஊறிப்போன நியதி. மைதானம் அதற்கு விதிவிலக்காக இருக்க நியாயமில்லை.

பிறகு காலம் கெட்டது. 1983 ஆடிக் கலவரம் தெற்கிலிருந்த கடைகளை எரித்தது. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990க்குப் பின் தீவுகளின் பெரும்பகுதி மக்கள் வெளியேறினார்கள். கரப்பந்து வலை கட்டிய முற்றங்களில் பற்றை வளர்ந்தது. வெளிநாடு போனவர்களில் பெருந்தொகையானோர் சேர்ந்த இடம் ரொறன்ரோ. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டதைக் கனடா மறக்கவில்லை. அவர்கள் வந்து மூன்று ஆண்டுக்குள், 1989 ஜூனில், ரொறன்ரோவில் புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணிக்கான ஸ்கைடோம் அரங்கு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 57 கோடி டொலர் செலவான அந்தக் கட்டடத்தில் மாகாண அரசின் பணமும் மாநகரத்தின் பணமும் கலந்திருந்தன. 2004இல் அணியின் உரிமையாளரான ரொஜர்ஸ் நிறுவனம் அதை வெறும் 2.5 கோடி டொலருக்கு வாங்கிக்கொண்டது. பெரிய நிறுவனத்தின் அணியைப் பற்றிச் சாதாரண இரசிகன் ஏன் தலையைப் போட்டு உடைக்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துக் காட்டினால் போதும். உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் நின்று வரி கட்டியவருக்கும் அந்த அரங்கில் பங்கு இருந்தது.

அதே 1989இல்தான் முகாமையாளர் பற்றிய விவாதத்துக்கு அந்த நகரம் ஒரு நல்ல பாடத்தைப் பெற்றது. புளூ ஜேய்ஸ் அணி பருவத்தின் முதல் 36 ஆட்டங்களில் 12ஐ மட்டும் வென்றிருந்தது. முகாமையாளர் ஜிமி வில்லியம்ஸ் நீக்கப்பட்டுச் சீற்றோ காஸ்ரன் வந்தார். மிச்ச 126 ஆட்டங்களில் 77ஐ வென்று அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 1992இலும் 1993இலும் காஸ்ரனின் கீழ் உலகத் தொடரையும் வென்றது. பருவத்தின் தொடக்கத்திலேயே சத்தம் போட்டவர்கள் சரி என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் 2019இல் வாஷிங்ரன் நஷனல்ஸ் முதல் 50 ஆட்டங்களில் 31ஐத் தோற்றது. முகாமையாளர் டேவ் மாற்றினெஸை நீக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன, நிர்வாகம் நீக்கவில்லை. அந்த ஆண்டு உலகத் தொடரை வென்றது அதே அணி, அதே முகாமையாளர். 162 ஆட்டம் கொண்ட பருவத்தில் சித்திரை மாதத்துத் தோல்வி தனியே எதையும் நிரூபிக்காது. அது கேள்வி கேட்கப் போதுமானது, தீர்ப்புச் சொல்லப் போதாது. அடிக்கும் ஆட்டக்காரன் ஒருவன் முதல் 40 முறை தடுமாறினால், பந்து மட்டையில் நன்றாகப் பட்டும் எதிராளியின் கைக்குப் போனதா, அல்லது பந்தே தெரியாமல் வீசினானா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். நல்ல விவாதம் அந்தப் பிரிப்பைச் செய்யும்.

முடிவு தெரிந்த பிறகு பேசுவது எவருக்கும் சுலபம் என்பது பெரிய ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. 2023 ஒக்ரோபரில் மினெசோட்டாவுக்கு எதிரான வெளியேற்றுச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில், புளூ ஜேய்ஸின் ஹோசே பெரியோஸ் மூன்று இன்னிங்ஸுக்கு ஓட்டமே கொடுக்காமல் எறிந்திருந்தார். நான்காவதின் தொடக்கத்தில், தன் 47ஆவது பந்தோடு, ஒருவரை முதல் பேஸுக்கு நடந்து போகவிட்டதும் முகாமையாளர் ஜோன் ஷ்னைடர் அவரை வெளியே எடுத்து யூசேய் கிகூச்சியை இறக்கினார். அந்த இன்னிங்ஸில் இரண்டு ஓட்டம் போயிற்று, ஆட்டம் 2-0, பருவமும் முடிந்தது. தோற்றதால்தான் இது பிழையானதா? அப்படிச் சொல்பவர் வெறும் பெறுபேற்றை வாசிக்கிறார். எதிரணியின் இடக்கை ஆட்டக்காரரை மனதில் வைத்து முன்கூட்டியே வகுத்த திட்டம், கண்முன்னே ஒருவர் நன்றாக எறிந்துகொண்டிருக்கும்போதும் மாறக்கூடாதா என்பதே இதில் கேட்கத்தக்க கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க முடிவு தெரியத் தேவையில்லை. பெரியோஸ் வெளியே நடந்த அந்த நிமிடத்திலேயே பலர் கேட்டார்கள். கிளி தலைக்கோட்டை விட்டு இறங்கும்போதே கேட்கும் கேள்விதான் இது.

2025 உலகத் தொடரில் புளூ ஜேய்ஸும் டொட்ஜர்ஸும் மோதிய ஏழாவது ஆட்டம் இதற்கு இன்னும் கிட்டவாக வருகிறது. ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4 என்று சமநிலை, மூன்று பேஸும் நிரம்பி ஒருவர் மட்டும் ஆட்டமிழந்த நிலை. மூன்றாவது பேஸில் மாற்று ஓட்டக்காரராக புளூ ஜேய்ஸின் ஐசாயா கைனர்-பலேபா. தரையால் உருண்ட பந்தை எடுத்து ஹோம் பேஸுக்கு எறிந்தார்கள். மயிரிழையில் அவர் ஆட்டமிழந்தார். டொட்ஜர்ஸ் 11ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று வென்றது. பேஸை விட்டு அவர் ஏன் இவ்வளவு குறைவாகவே விலகி நின்றார் என்று அன்றிரவே கேட்கப்பட்டது. வேகமாக அடித்த பந்தை எதிராளி நேரே பிடித்துவிட்டால் அடித்தவரும் ஓட்டக்காரரும் ஆட்டமிழக்கக்கூடும் என்பதால் பேஸோடு நிற்கச் சொல்லியிருந்தார்கள் என்பது விடை. இரண்டு ஆபத்துகளில் எதற்கு அதிகம் அஞ்சவேண்டும் என்பதைப் பற்றிய நேர்மையான விவாதம் இது. கோட்டிலிருந்து எத்தனை அடி விலகலாம் என்று தட்டுக்குள் நின்று கணக்குப் போட்ட ஒரு சமூகத்துக்கு இதை எவரும் விளங்கப்படுத்தவேண்டியதில்லை. ஷ்னைடர் 2023க்குப் பிறகும் நீக்கப்படவில்லை என்பதையும், அதே மனிதர் அணியை இந்த ஏழாவது ஆட்டம் வரை கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறொன்று. கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை என்று பெருமையாகச் சொல்லும்போது, கொடுக்கவும் கேட்கவும் யார் அனுமதிக்கப்பட்டார்கள் என்பதை மறைக்கக்கூடாது. கழகங்கள் ஊரால் மட்டும் பிரியவில்லை, சாதியாலும் பிரிந்தன. ஓர் ஒழுங்கைக்கு அப்பால் வேறு கழகம், வேறு மைதானம், வேறு வாசிகசாலை. கிளித்தட்டைச் சிறுமிகளும் விளையாடினார்கள். ஆனால் சனசமூக நிலையத்து வாங்கில் ஆட்டத்தை அலசிய வட்டத்தில் பெண்களுக்கு இடம் கிடைக்கவில்லை. விவாதம் அடிதடியில் முடிந்ததும் உண்டு. மத்தியஸ்தரைத் துரத்தியதும் உண்டு. இவற்றைச் சொல்லிவிட்டு வழக்கத்தையே தள்ளிவிடலாம் என்பவரோடு நான் உடன்படமாட்டேன். குறை கேள்வி கேட்டதில் இல்லை, கேட்பவர் வட்டத்தைக் குறுக்கியதில் இருக்கிறது. ஸ்காபரோவில் பேஸ்போல் பார்க்கிற வீட்டில் தகப்பனோடு மகளும் பேரனும் இருந்து, முகாமையாளர் பந்தெறிபவரை மாற்றியது சரியா என்று சண்டை பிடிக்கிறார்கள். எந்தக் கழகம், எந்த ஒழுங்கை என்று அந்தப் பிள்ளைகளிடம் எவரும் கேட்பதில்லை. ஊரில் மீண்டும் வலை கட்டி, வெளிநாட்டுப் பணத்தில் சுற்றுப்போட்டி வைப்பவர்கள் கிண்ணத்தோடு இந்தப் பழக்கத்தையும் அனுப்பலாம். சீருடைக்குக் காசு தராத வீட்டுப் பெண்பிள்ளையும், ஒழுங்கைக்கு அப்பால் உள்ளவரும், “அவனை ஏன் எடுத்தனீங்கள்?” என்று கேட்டால் அணித்தலைவர் நின்று விடை சொல்லவேண்டும்.