வல்லத்து மாணவரும் பிரெஞ்சுத் துறவியும்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் நாம் காணும் தாமிரபரணி நீரில் குற்றாலத்து அருவியின் பங்கும் உண்டு. சிற்றாறு சீவலப்பேரியருகே பேராற்றில் கலந்து, நம் வாய்க்கால்கள் வரை வந்து சேர்கின்றது. அந்தக் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-ஆம் ஆண்டு பிறந்தவர் கணித அறிஞர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. இவ்வாற்றின் நீர் குடித்து வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

பிறந்த ஓராண்டில் தாயை இழந்தார். பள்ளியிறுதி ஆண்டில் தந்தையும் மறைந்தார். படிப்பு அத்துடன் நின்றிருக்க வேண்டியது. சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துப் படிக்க வைத்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கற்றபின், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார். அங்கே வழிகாட்டியவர் கே. ஆனந்த ராவ். இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்திலேயே அங்குப் பயின்று, ஹார்டியிடம் ஆய்வு நெறியை அறிந்து திரும்பியவர் அவர்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒருவர் தனியே செய்யும் தவமே ஆராய்ச்சி என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். 1907-இல் வி. இராமசுவாமி ஐயர் என்னும் அரசு அலுவலர் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகம் வேறொன்றைக் காட்டுகின்றது. உறுப்பினர்கள் சந்தா சேர்த்து மேல்நாட்டு ஆய்விதழ்களை வாங்கினர். அவற்றை அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிப் படித்தனர். பட்டம் பெறாத இராமானுஜனின் முதற்கட்டுரை 1911-இல் வெளிவந்ததும் அக்கழகத்தின் இதழில்தான். பிள்ளையும் அறிஞர் சௌலாவும் ஆண்டுக்கணக்கில் கடிதங்கள் வழியாகவே தம் ஆய்வுகளைப் பகிர்ந்துகொண்டனர்.

1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில் பிள்ளை ஒரு பழம்புதிரை எடுத்துக்கொண்டார். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். அப்படியானால் ஆறாம் படிகள் எத்தனை வேண்டும்? 73 போதும் என்று நிறுவினார். வேரிங் என்பாரின் பெயரால் வழங்கும் இப்புதிரின் பெரும்பகுதிக்கு, அமெரிக்க அறிஞர் டிக்சனும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தனியே விடை கண்டார். ஒருவர் செய்வதை மற்றவர் அறியாத தொலைவு அது. 1950-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் பிள்ளையை அழைத்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடும் கூடவிருந்தது. ஆகஸ்டு 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 49.

அத்தொலைவைக் குறைக்க முயன்றவர்களுள் ஒரு துறவியும் உண்டு. இயேசு சபையைச் சேர்ந்த அருள்தந்தை சார்லஸ் ரசின், பாரிசில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். அந்நாட்டுக் கணிதத்தைப் புதுக்கிய இளம் அறிஞர் பலருக்கு நண்பர். 1937-இல் இந்தியா வந்து, பின் சென்னை இலயோலாக் கல்லூரியில் ஆசிரியரானார். தேர்வுக்குரிய பழைய பாடங்களோடு நின்றுவிடாமல், பிரெஞ்சு நாட்டின் புதிய நூல்களை மாணவர் பார்வைக்குக் கொணர்ந்தார். அதைவிட முக்கியமானது, படித்து முடித்தவன் அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம்மிடமும் அறிவியலில் முதுகலை முடித்த பிள்ளைகள் வருகின்றனர். நன்னடத்தைச் சான்றிதழில் பங்கு முத்திரையைக் குத்தி, செபித்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிடுகின்றோம். உண்மையில், அதற்குமேல் யாரைக் காணச் சொல்வது என்பது நமக்கே தெரிவதில்லை. ரசின் அடிகளார் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை மாணவர்களுக்குச் சுட்டிக் காட்டினார். பரிந்துரைக் கடிதமும் எழுதினார். தண்டரை என்னும் சிற்றூரில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும், காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும் 1953-இல் அங்கே சேர்ந்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இருவரும் இணைந்து நிறுவிய தேற்றம் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றது.

அடிகளார் 1976-இல் மறைந்தார். சென்னைக்கே திரும்பிய சேஷாத்ரி, 1989-இல் இளைஞர்க்கென ஒரு கணிதக் கூடத்தைத் தொடங்கினார். அதுவே இன்று சிறுசேரியில் இயங்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம்.