உலர்மலர் விற்பனை: நாற்று நடும் முன்பே பேசி முடிக்க வேண்டியவை

ஆயுத பூஜை முடிந்ததும் கோழிக்கொண்டை, வாடாமல்லி விலை இறங்கிவிடும். இந்த இரண்டு பூக்களும் காய்ந்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. அதனால் மேடை அலங்காரம் செய்பவர்களும் உலர்மலர் ஏற்றுமதியாளர்களும் இவற்றை வாங்குகிறார்கள். இந்தத் தொழிலில் தூத்துக்குடி பேர் பெற்றது. திருப்பூர், பல்லடம், உடுமலை பகுதி விவசாயிகளும் முயன்று பார்க்கலாம். ஆனால் காயவைத்த பிறகு ஆள் தேடக் கூடாது. முதலில் வாங்குபவரிடம் பேச வேண்டும்.

கேட்க வேண்டியவை

* உதிரிப்பூவா, தண்டுடன் வேண்டுமா? மாலைக்குப் பறிப்பதுபோல் பறித்தால் தண்டு இருக்காது. தண்டு எத்தனை அங்குலம் என்பதையும் கேளுங்கள்.
* விலை கிலோவுக்கா, கட்டுக்கா? காய்ந்தால் எடை வெகுவாகக் குறையும். ஒரு கிலோ பச்சைப் பூவைக் காயவைத்து எடை பார்த்த பிறகே விலை பேசுங்கள்.
* கழிவு எவ்வளவு பிடிப்பார்கள், முன்பணம் உண்டா, வண்டி வாடகை யாருடையது? இவற்றை எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

மாதிரிக்கு நாலு கட்டு காயவைத்து நேரில் காட்டுவது நல்லது.

காயவைக்கும் முறை

பனி ஈரம் காய்ந்த பிறகு, காலையிலேயே அறுக்க வேண்டும். வாடாமல்லி முழுதாக விரிந்திருக்க வேண்டும். கோழிக்கொண்டையை விதை உதிரும் முன் அறுக்க வேண்டும். இலைகளை உருவிவிட்டு, சிறு கட்டுகளாக ரப்பர் பேண்ட் போட்டு, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். காயும்போது தண்டு சுருங்குவதால் கயிற்றுக் கட்டு நழுவிவிடும். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். 2 முதல் 3 வாரத்தில் காய்ந்துவிடும். தண்டை வளைத்தால் 'படக்'கென முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். அப்படியே பெட்டியில் அடைத்தால் பூஞ்சணம் பிடித்து, சரக்கு திரும்பி வந்துவிடும்.

சாயம் வேண்டாம்

சிலர் சாயம் ஏற்றித் தரச் சொல்வார்கள். அதைத் தோட்டத்தில் செய்யாதீர்கள். நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது நமக்குத் தெரிந்ததே. சாயத்தண்ணீர் நம் கிணற்றையும் கெடுக்கும். இயற்கை நிறத்திலேயே தருவதாகப் பேசி முடியுங்கள்.

முதல் ஆண்டு 5 சென்டுக்கு மேல் போட வேண்டாம். அதே ஆள் இரண்டாம் முறையும் வந்து வாங்கினால் பரப்பைக் கூட்டலாம்.