கண்மாய்க் கரையும் காமிராவும்



மதுரை நகரின் மேற்புறத்தில், வைகையின் தென்கரையில் உள்ளது ஆரப்பாளையம். தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ் ஏறுகிற இடம் என்ற அளவில்தான் அதனைப் பலரும் அறிவர். நானோ நெடுங்காலமாக அங்கிருந்து பறவை பார்க்கப் புறப்படுகிறேன். விடியுமுன் மிதிவண்டியை எடுத்தால், வெயில் ஏறுமுன் மாடக்குளம் கண்மாயைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். தொலைதூரக் காடுகளுக்குச் செல்ல எனக்கு வசதியும் இல்லை. உண்மையைச் சொன்னால், பெரிய ஆசையும் இல்லை.

மதுரையில் பறவை பார்த்தல் புதிய பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்களுக்குச் சத்திமுற்றப் புலவரின் கதையை நினைவூட்ட விரும்புகிறேன். வறுமையால் ஊரை விட்டு மதுரைக்கு வந்த அப்புலவர், வாடைக் குளிரில் நடுங்கியபடி, வானில் சென்ற நாரையை விளித்துத் தம் மனைவிக்குத் தூது சொன்னார். நகர்சோதனைக்கு வந்த பாண்டியன் அதைக் கேட்டுப் பரிசளித்தான் என்பது வழிவழியாக வரும் கதை. அரசனைக் கவர்ந்தது புலவரின் துன்பமன்று. நாரையின் அலகுக்கு அவர் கண்ட பனங்கிழங்கு உவமைதானாம்! அரசர்கள் அப்படித்தான் போலும்.

அது போகட்டும். பாட்டிலே வரும் நாரைக்குக் காலும் சிவப்பு, அலகும் சிவப்பு. நம் குளங்களில் இன்று நாம் மிகுதியாகக் காணும் மஞ்சள்மூக்கு நாரைக்கு இது பொருந்தாது. பெயரே அதன் அலகின் நிறத்தைச் சொல்லிவிடுகிறது. நத்தைகுத்தி நாரையின் அலகோ மங்கிய நிறம். இரண்டும் சிவந்தது வெண்ணாரை. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் மட்டும் இந்நாட்டுக்கு வருவது அது. புலவர் நடுங்கியதும் குளிர்காலத்தில்தான்; நாரை தெற்கே குமரிவரை சென்று வடக்கே திரும்பும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கையில் தொலைநோக்கி இல்லை, வயிற்றில் சோறும் இல்லை; ஆயினும் நிறத்தையும் பருவத்தையும் வழியையும் பிழையின்றிக் குறித்துவிட்டார். நல்ல பறவைக் குறிப்பு ஒன்றுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

குறிப்பு எழுதுவதோடு நில்லாமல், பறவைகளுக்காக வழக்காடியவர்களும் நம்மிடையே இருந்திருக்கின்றனர். செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் மக்கள், தங்கள் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைப் பொறாமல், கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு 1798இல் காப்புரிமை பெற்றார்கள். 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர்கள் கண்டிருந்தார்கள்.

காமிராவைக் கொண்டு இப்பணியைச் செய்தவர்களுள் எனக்கு ஆசான் போன்றவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996இல் மறையும்வரை பதினைந்து நாளுக்கொரு முறை இயற்கைக் குறிப்புகள் எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார். அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்களே. அவற்றுக்காகப் பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். புலியைப் பற்றி எழுதிய அதே அக்கறையுடன் காக்கையையும் அணிலையும் பற்றி எழுதியவர் அவர். என் போன்ற உள்ளூர்க்காரனுக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

ஆனால் அவரிடம் கற்க வேண்டியதைக் காலத்தில் கற்றேனில்லை. 1980களில் நகரின் கீழ்ப்புறத்துக் கண்மாய் ஒன்றில் நாரைக் கூட்டத்தைப் படம் பிடித்தேன். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படங்கள். கழுவி வந்தபோது எல்லாவற்றிலும் பறவைகள் அரிசிமணிகளாகவே தெரிந்தன. செலவான பணத்தை நினைத்து வயிறெரிந்து, அத்தனையையும் கிழித்தெறிந்தேன். இன்று அக்கண்மாயின் மேலைக்கரை இருந்த இடத்தில் வீடுகள். நீர் எதுவரை நின்றது என்று பேரன் கேட்டான். அதைக் காட்டக்கூடிய சான்று என்னிடம் இருந்ததையும், அதை நானே அழித்ததையும் அவனிடம் சொல்ல நாணமாக இருந்தது. பறவை பெரிதாக விழவில்லை என்று நான் வெறுத்த அப்படங்களில் கரை முழுவதும் விழுந்திருந்தது!

படத்தின் பயன் எத்தகையது என்பதை மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் கண்டோம். அந்தக் குன்றுகளில் உள்ளூர் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் பறவைகளைப் படமெடுத்துப் பட்டியலிட்டார்கள். லகார் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு உட்பட ஏறக்குறைய 250 வகைப் பறவைகள். சமணர் படுக்கைகளும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உள்ள அவ்விடத்தில் 193 ஹெக்டேரை, 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுவே முதலாவது. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊரார் திரண்டெழுந்தனர். அவர்கள் வாதத்தில் கோயிலும் சுனையும் கண்மாயும் இருந்தன; வல்லூறும் இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று.

நான் இப்பொழுது எடுக்கும் படங்கள் அழகாக இருப்பதில்லை. பிற்காலப் பாண்டியர் சாசனங்கள் நம் நகரை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று குறிக்கின்றன. ஊருக்கு அடையாளம் தந்த அக்குளத்தின் கரையில், கருவேல மரத்தடியில், காலைக் கதிரவனை முதுகுப்புறம் வைத்து அமர்கிறேன். நெடுங்கால் உள்ளானைப் படமெடுக்கும்போது, மதகும் கரையும் பின்னால் நிற்கும் புதுக் கட்டடங்களும் சேர்ந்து விழும்படி பார்த்துக்கொள்கிறேன். சென்ற மார்கழியில் ஒரு காலை எண்ணியது: உள்ளான் பதினான்கு, புள்ளிமூக்கு வாத்து ஆறு, நீலத் தாழைக்கோழி மூன்று, மதகின்மேல் மீன்கொத்தி ஒன்று. நீர் மதகின் மூன்றாம் படிவரை. தேதியும் எழுதி வைத்திருக்கிறேன்.