மலேசியா வாசுதேவன்: கிள்ளானில் பிறந்தவர் தமிழ்நாட்டுக் கிராமத்தின் குரலானது எப்படி?

ஜொகூர் பாருவில் ஒரு கல்யாண விருந்துல கராவோக்கே மைக்கைக் கையில் எடுப்பவர், கொஞ்ச நேரத்தில் எப்படியும் இவர் பாட்டுக்கு வந்துவிடுவார். பாட்டு எல்லாருக்கும் தெரியும். பாடியவர் நம்ம நாட்டுக்காரர் என்பதும் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அவர் அங்கே போய் எப்படி இடம் பிடித்தார் என்பது இளைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது.

யார் இவர்?

மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்த காலம். 1944 ஜூன் 15-ஆம் தேதி சிலாங்கூர், கிள்ளானில் ஒரு மலையாளக் குடும்பத்தில் வாசுதேவன் பிறந்தார். வீட்டு மொழி மலையாளம் என்றாலும், அவரை வளர்த்தது இங்குள்ள தமிழ் மேடை நாடகம். நாடகத்தில் நடித்தார், பாடினார். சினிமாவில் நடிக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் சென்னைக்குக் கப்பலேறினார். பாடகராக வேண்டும் என்பது முதல் திட்டம் இல்லை.

உடனே வாய்ப்பு கிடைத்ததா?

இல்லை. 1970-களின் தொடக்கத்தில் சின்னச் சின்னப் பாடல்கள்தான் வந்தன. எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த 'பாரத விலாஸ்' (1973) படத்தில், பலர் சேர்ந்து பாடிய பாடலில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது. டி.எம்.சௌந்தரராஜன் உச்சத்தில் இருந்தவர். எஸ்.பி.பாலசுப்ரமணியமும் யேசுதாஸும் வேகமாக மேலே வந்துகொண்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு அங்கே இடமே இல்லாத நிலை.

அந்த நாட்களில் அவர் பாடிய மேடைகளில் ஒன்று 'பாவலர் பிரதர்ஸ்' இசைக்குழு. அது இளையராஜா சகோதரர்களின் குழு. இந்தப் பழக்கம்தான் பின்னால் கைகொடுத்தது.

திருப்பம் எங்கே வந்தது?

1977-இல், 'பதினாறு வயதினிலே' படத்தில். பாரதிராஜாவின் முதல் படம் அது. எஸ்.பி.பி.க்குத் தொண்டை சரியில்லாமல் போக, அவர் பாட வேண்டியதை வாசுதேவன் பாடினார். படம் ஓடியது, குரலும் ஊரெங்கும் பரவியது.

அதுவரை தமிழ் சினிமா கிராமத்தைப் பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள் செட் போட்டுக் காட்டியது. பாரதிராஜா கேமராவை நிஜ கிராமத்துக்கே கொண்டு போனார். அந்தப் படத்துக்கு மெருகு போட்ட குரல் ஒத்துவராது. நாடக மேடையில் மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று பழகிய, திறந்த தொண்டைக் குரல் வாசுதேவனுடையது. உச்சரிப்பும் சுத்தம். கிள்ளான் மேடையில் கற்றது கிராமத்து வயல்வெளிக்குப் பொருந்திப்போனது.

கிராமத்துப் பாட்டு மட்டும்தானா?

அப்படி ஒரு முத்திரை விழுந்தது உண்மை. ஆனால் அது பாதிக் கதைதான். 'தர்மயுத்தம்' (1979) படத்தில் ரஜினிகாந்துக்கு அவர் பாடியவை மென்மையான மெலடிகள். அடுத்த ஆண்டே 'முரட்டுக்காளை'யில் ரஜினியின் ஆட்டத்துக்கு ஈடுகொடுத்தார். 'சாமந்திப் பூ' (1980) படத்துக்கு இசையமைத்ததும் இவரே.

பெரிய சோதனை 1985-இல் வந்தது, 'முதல் மரியாதை'. சிவாஜி கணேசன் வாயசைத்தால் டி.எம்.எஸ். குரல்தான் வரும் என்று இரண்டு தலைமுறை ரசிகர்கள் பழகியிருந்தார்கள். அந்த இடத்தில் இன்னொரு குரலை ஏற்பார்களா? வயதான ஊர்ப் பெரியவரின் வேதனையை வாசுதேவன் அழுத்தமில்லாமல், கிட்டத்தட்ட பேசுகிற மாதிரிப் பாடினார். யாருடைய குரல் என்ற கேள்வியே எழவில்லை.

நடிப்பு ஆசை என்னவானது?

அதே 1985-இல் 'ஒரு கைதியின் டைரி' படத்தில் கமல்ஹாசனுக்கு வில்லனாக நடித்து மிரட்டினார். தொடர்ந்து 80-க்கும் மேற்பட்ட படங்கள். ஊரைவிட்டுக் கிளம்பியபோது வைத்திருந்த கனவு, ஏறக்குறைய நாற்பது வயதில்தான் முழுசாகக் கைகூடியது.

அங்கீகாரம் கிடைத்ததா?

தமிழ்நாடு அரசின் கலைமாமணி விருது கிடைத்தது. பின்னணிப் பாடகருக்கான இந்திய தேசிய விருது கிடைக்கவே இல்லை. 1990-களில் வாய்ப்புகள் குறைந்தன. என்றாலும் 'கிழக்குச் சீமையிலே' (1993) படத்தில் கிராமத்து மணம் தேவைப்பட்டபோது ஏ.ஆர்.ரஹ்மானும் இவரைத்தான் கூப்பிட்டார். 2011 பிப்ரவரி 20-ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 66.

இன்று இது ஏன் முக்கியம்?

அந்தக் காலத்தில் இங்குள்ள தமிழ்க் கலைஞர் பெரிய அளவில் பெயர் வாங்க, கடல் தாண்டுவதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. போனவர்களும் ஊர் அடையாளத்தை மறைத்துக்கொள்ளலாம். வாசுதேவன் அதைப் பெயருக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு படத்தின் டைட்டில் கார்டிலும் நாட்டின் பெயரும் சேர்ந்தே வந்தது.

மகன் யுகேந்திரன், மகள் பிரசாந்தினி இருவரும் பாடகர்கள்தான். 2011 ஜனவரியில், தந்தை மறைவதற்கு ஒரு மாதம் முன்பு வெளியான 'ஆடுகளம்' படத்தில் பிரசாந்தினி பாடிய பாட்டு பெரிய ஹிட். அதே பாட்டில் அவருடன் சேர்ந்து ஒலித்தது, 1977-இல் வாசுதேவனுக்கு வழிவிட்ட எஸ்.பி.பி.யின் குரல்.